குனிந்து பார்க்கிற கேமரா

அந்தப் பெண்ணின் முந்தானை இடது தோளில் கிடந்தது. அது ஒன்றுதான் தவறு.

பட்டினச்சேரிக் கரையில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கருவாட்டு வாடையும் டீசல் வாடையும் கலந்த காற்று, கரையேற்றிய படகுகளின் வயிற்றில் மோதி, எங்கோ தளர்ந்து கிடந்த தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆன்லின் கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, அதற்குள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. மேல் மூடியைத் திறந்தால் நான்கு கறுப்புத் தகடுகள் எழுந்து சின்னக் கிணறு மாதிரி நிற்கும். கிணற்றின் அடியில் சதுரமான ஒரு கண்ணாடி. முன்னால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள். கீழே இருப்பது படம் எடுக்க, மேலே இருப்பது பார்க்க மட்டும். மேல் லென்ஸ் வழியாக வரும் காட்சி உள்ளே சாய்த்து வைத்த ஆடியில் பட்டு அந்தச் சதுரக் கண்ணாடியில் விழும். ஆடியில் படுவதால் இடமும் வலமும் மாறிவிடும். படகில் எழுதிய பெயர் திரும்பித் தெரியும். சேலை கட்டிய எந்தப் பெண்ணுக்கும் முந்தானை வலது தோளில் தெரியும்.

இவளுக்கு மட்டும் இடது தோளில் தெரிந்தது.

அப்படியானால் சேலையை மாற்றிக் கட்டியிருக்கிறாள். இந்தக் கரையில் யார் அப்படிக் கட்டுகிறார்கள்? ஆன்லின் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

குவித்து வைத்த வலை இருந்தது. வலைக்குப் பக்கத்தில் மணல் இருந்தது. பெண் இல்லை.

"என்ன பாப்பா, பொட்டிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு தேடுற? காசு உழுந்துட்டா?" படகு நிழலில் உட்கார்ந்து வலையில் அறுந்த கண்களைக் கட்டிக்கொண்டிருந்த குணசேகரன் கேட்டார். அந்தப் படகு அவருடையது.

"இல்லண்ணே. அங்க வலைகிட்ட ஒரு அக்கா நின்னாங்களே, எங்க போனாங்க?"

"எங்க?"

"அதோ, அங்க."

"அங்க எவளும் நிக்கலியே. என் பொண்டாட்டியா இருந்தா நான் இங்க இல்லன்னு சொல்லிடு."

பக்கத்துப் படகில் யாரோ சிரித்தார்கள். ஆன்லினுக்குக் காது சூடேறியது. மறுபடி குனிந்தாள். வலை, மணல், கடலின் கோடு. வலைக்குப் பக்கத்தில், மெலிந்து, அவள் நின்றாள். தலை குனிந்திருந்தது. முகம் தெரியவில்லை.

ஆன்லின் நிமிர்ந்தாள். மணல். குனிந்தாள். அவள்.

கண்ணாடியில் ஏதோ கறை என்று நினைத்துத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். அதற்குள் மேகம் வந்து வெளிச்சத்தை மூடிவிட்டது. அன்றைக்கு நாள் முழுவதும் காத்திருந்தது அந்த வெளிச்சத்துக்காகத்தான். ஆத்திரத்தில் ஷட்டரைத் தட்டினாள். பிலிமில் ஒரு படம் குறைந்தது.

*

இது இரண்டாவது பிலிம். முதலாவது ஏற்கெனவே வீணாகிவிட்டது.

பாண்டிச்சேரியில் ஒரு பதிப்பகம் கடலோரப் பயணங்களுக்கு ஒரு பெரிய படப் புத்தகம் போடுகிறது. எல்லாப் படமும் மீடியம் ஃபார்மட் என்கிற அகலப் பிலிமில்தான் இருக்க வேண்டும், காகிதத்தில் மணல் மணலாகத் தெரிய வேண்டும் என்று அதன் ஆசிரியர் உமாமகேஸ்வரி பிடிவாதமாக இருந்தார். காரைக்கால் பக்கங்களை ஆன்லின் சோதனையாக எடுத்துக் கொடுக்கலாம். பிடித்துவிட்டால் மீதிக் கடற்கரை முழுவதும் அவளே பயணம் போய் எடுக்கலாம். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை ஒரு தனியார் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர வேண்டும். அந்த வேலையை அப்பா சந்தனசாமி யார் யார் காலிலோ விழுந்து வாங்கி வைத்திருந்தார்.

"ரெண்டுல ஒண்ணு," என்று மட்டும் சொல்லியிருந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

நாகூரில் ஜவஹர் அலியின் கடையில் பழைய கேமராக்கள் கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போனபோது, அவர் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று செங்கல் கனம். கண்ணில் வைத்துப் பார்ப்பது. இடம் இடமாகவே தெரியும், வலம் வலமாகவே தெரியும். ஷட்டரை அழுத்தினால் பீரோ கதவைச் சாத்துகிற சத்தம். இன்னொன்று இது. இலேசு, சத்தமே இல்லை, பையில் அடங்கும்.

"ஊர் சுத்த இது தோதுதான்," என்றார் அவர். "ஆனா என்னயக் கேட்டா அதத்தான் எடுக்கச் சொல்லுவேன். கனமா இருந்தாலும் நேராக் காட்டும். இதுல பழகுறதுக்குள்ள தலைவலி வந்துடும்மா."

ஆன்லின் இலேசானதைத்தான் எடுத்தாள். பயணத்துக்கு வசதி என்று அவரிடம் சொன்னாள். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. இந்தக் கேமராவில் யாரையும் நேராகப் பார்க்க வேண்டாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றால் போதும். எதிரில் இருப்பவர்களுக்கு, ஒரு பெண் வெட்கப்பட்டு நிற்பதாகத்தான் தோன்றும்.

முதல் பிலிமை அப்படித்தான் எடுத்தாள். கருக்களாச்சேரி, அரசலாறு கடலில் சேரும் இடம், கலங்கரை விளக்கம். குனிந்து பார்த்தபோது எல்லா இடத்திலும் கண்ணாடியில் தூரத்தில் யாரோ ஒரு பெண் நின்றாள். வேறு வேறு பெண்கள் என்றுதான் ஆன்லின் நினைத்தாள். முறைக்காமல், சிரிக்காமல், போஸ் கொடுக்காமல் நின்ற அவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு, அவர்களைச் சுற்றித்தான் ஒவ்வொரு படத்தையும் அமைத்தாள்.

பாண்டிச்சேரியில் பிலிமைக் கழுவி, படங்களை ஆன்லினின் போனுக்கு அனுப்பியபின் உமாமகேஸ்வரி பேசினார்.

"லைட் நல்லா இருக்கு ஆன்லின். ஆனா எல்லாப் படத்துலயும் ஒரு காலி எடம் விட்டு வெச்சிருக்கீங்களே, ஏன்? பஸ்ல துண்டு போட்டு சீட் புடிக்கிற மாதிரி இருக்கு. யாருக்குப் புடிச்சு வெச்சீங்க?"

"மேடம், அங்க ஆள் நின்னாங்க."

"ஒருத்தர்கூட இல்லையேம்மா. இன்னொரு ரோல் எடுங்க. திங்கக்கிழமைக்குள்ள என் கைக்கு வரணும். அதுக்கு மேல என்னால நிறுத்தி வெக்க முடியாது."

ஆன்லின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மணல், தண்ணீர், சுவர். பெண் நின்ற இடங்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. இரண்டு லென்ஸ்களும் வேறு வேறு உயரத்தில் இருப்பதால் மேலே பார்ப்பதும் கீழே பதிவதும் சற்றே விலகும். அது பக்கத்தில் இருக்கும் பொருளுக்குத்தான் பொருந்தும், தூரத்தில் நிற்கும் ஆளுக்குப் பொருந்தாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதையே காரணமாக வைத்துக்கொண்டாள். வேறு காரணம் கையில் இல்லை.

*

சனிக்கிழமை வரிச்சிக்குடிக்குப் போனாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. யாருடைய மண்ணெண்ணெய் கேனோ கேமராப் பையில் இடித்துக்கொண்டே வந்தது. இறங்கியதும் போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் திறக்க மறுத்தது. பிலிமைச் சுற்றும் குமிழ் இறுகிப்போய், விரல் நுனி சிவக்கும்வரை திருக வேண்டியிருந்தது.

வயலில் களை எடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர் மட்டும் படத்துக்குச் சம்மதித்தார். பவுனம்மாள் என்று பேர் சொன்னார். வாயில் வெற்றிலை.

"எடுத்து எந்த டிவியில போடப் போற?"

"டிவி இல்லக்கா. புஸ்தகம்."

"புஸ்தகமா? அப்ப என் மருமவ பாக்க மாட்டா. சும்மா எடு."

ஆன்லின் குனிந்தாள். பவுனம்மாளின் முந்தானை வலது தோளில் தெரிந்தது. சரி. அப்படித்தான் தெரிய வேண்டும்.

பவுனம்மாளுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். முந்தானை இடது தோளில்.

நேற்றைவிட அருகில் இருந்தாள். நிறம் வெளுத்த சேலை. பின்னல் முன்னால் விழுந்திருந்தது. வயலில் காற்று அடித்து நெற்பயிர் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பவுனம்மாளின் முந்தானையும் பறந்தது. அவளுடையது அசையவில்லை.

பயம் அப்போதும் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஒரு படம். ஒரே ஒரு நல்ல படம். அதற்குள்ளும் வந்து நிற்கிறாளே.

"அக்கா, கொஞ்சம் இடது பக்கம் நகருங்க." பவுனம்மாளால் அவளை மறைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

பவுனம்மாள் நகர்ந்தார். கண்ணாடியில் எதிர்ப்பக்கம் போனார்.

"இல்லக்கா, அந்தப் பக்கம். வலது பக்கம்."

"எந்தப் பக்கம்டி? இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம்ங்குற, அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம்ங்குற. நான் என்ன கரகமா ஆடுறேன்?"

வரப்பில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் பவுனம்மாள் சரியான இடத்துக்கு வந்தார். அந்தப் பெண் நின்ற அதே இடத்துக்கு.

அவள் மறையவில்லை. பவுனம்மாள்தான் மறைந்தார்.

ஆன்லின் தகடுகளுக்குள் இருக்கும் சின்ன உருப்பெருக்கியை விரலால் தட்டி எழுப்பி, கண்ணை அதில் ஒட்டினாள். பூட்டியே கிடந்த பீரோவின் வாடை அடித்தது. பழைய தோல், இரும்பு எண்ணெய். இப்போது அந்தப் பெண்ணின் கைகள் தெரிந்தன. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு நேராக, எதையோ பிடித்திருப்பதுபோல் வைத்திருந்தாள். கைகளில் ஒன்றும் இல்லை. தலை அந்தக் கைகளுக்கு மேல் குனிந்திருந்தது.

எங்கோ பார்த்த நிற்பு அது. எங்கே என்று நினைவுக்கு வரவில்லை.

"எடுத்தியா இல்லியா? வெயிலு மண்டையப் பொளக்குது," என்றார் பவுனம்மாள்.

எடுத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்று ஜவஹர் அலிக்குப் போன் செய்தாள். போன் பேசுவது அவளுக்குப் பிடிக்காது. என்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"பாய், இந்தக் கேமரா உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"ஏம்மா, ரிப்பேரா?"

"இல்ல. சும்மாதான்."

"ஒரு பொண்ணு கொண்டாந்து குடுத்துச்சு. ஒங்க வயசுதான் இருக்கும். என்ன வேணும்னு கேக்குறேன், காது குடுக்கவே இல்ல. பொட்டிய மேஜையில வெச்சுட்டு, எங் கடை போர்டை அண்ணாந்து பாத்துச்சு. ஒவ்வொரு எழுத்தா சத்தமா வாசிச்சுச்சு, ஒண்ணாங் கிளாஸ் புள்ள மாதிரி. அப்புறம் அடுத்த கடை போர்டு. அதுக்கு அடுத்தது. தெருவு முழுக்க வாசிச்சுக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே போயிருச்சு. காசுகூட வாங்கல. பாவம், மனசு சரியில்லாத புள்ள போலன்னு விட்டுட்டேன்."

பஸ் வந்தது. ஆன்லின் ஏறவில்லை. அடுத்ததில்தான் ஏறினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை. பிலிமில் கடைசியாக ஒன்று மட்டும் மீதி.

அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். அம்மா ஜெயமேரி அடுக்களையில் மீன் குழம்பைக் கொதிக்க விட்டிருந்தாள். புளியும் மிளகாயும் கொதிக்கும் வாடை கூடத்துக்கு வந்து நின்றது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை கிறீச்சிட்டது. சுவரில் மளிகைக் கடை காலண்டர், விசிறிக் காற்றில் மெல்லத் தூக்கித் தூக்கி விழுந்துகொண்டிருந்தது.

"பொறந்த புள்ளையத் தூக்குற மாதிரி அந்தப் பொட்டியவே தூக்கிக்கிட்டுத் திரி," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "சோறு போட்டு வெக்கிறேன், வந்து சாப்புடு."

"ஒரு படம்தாம்மா. முடிச்சுட்டு வர்றேன்."

கடைசியை எதன் மீதாவது சும்மா தட்டிவிட்டு, பிலிமை எடுத்து, சுருள் பிரியாமல் ஒட்டி, காலையில் முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்கு எடுத்துப் போய்விடலாம். தட்டிவிடத்தான் உட்கார்ந்தாள். ஆனால் அதற்குமுன் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சந்தேகம் வந்தால் தெரிந்த பொருளை வைத்துப் பார்.

காலண்டருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, மூடியைத் திறந்தாள். நான்கு தகடுகளும் டக்கென்று எழுந்து நின்றன.

குனிந்தாள்.

காலண்டரின் எண்கள் பக்கம் மாறித் தெரிந்தன. கடையின் பெயரும் அப்படியே. கதவின் தாழ்ப்பாள் எதிர்ப்பக்கம். எல்லாம் மாறியிருந்தது.

அவள் மாறவில்லை.

கண்ணாடி முழுவதும் அவள்தான் இருந்தாள். தலை வகிடு தெரிந்தது. வகிட்டில் வியர்வை தெரிந்தது.

ஆன்லின் கேமராவைக் கொஞ்சம் திருப்பினாள். காலண்டர் நகர்ந்தது. சுவர் நகர்ந்தது. கதவு வந்தது. அவள் நகரவில்லை. கண்ணாடியில் அதே இடத்தில் இருந்தாள்.

ஆன்லின் யோசித்தாள். யோசிப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே தைரியம். ஆடியில் பட்டு வரும் எதுவும் திரும்பித்தான் தெரியும். திரும்பாதது ஆடியில் பட்டு வரவில்லை. ஆடியில் படாதது லென்ஸ் வழியாக வரவில்லை. லென்ஸ் வழியாக வராதது எதிரில் இல்லை. எதிரில் தேடியது தப்பு. பட்டினச்சேரியிலும் அவள் எதிரில் நிற்கவில்லை. வரிச்சிக்குடியிலும் நிற்கவில்லை.

அவள் ஆடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறாள்.

கண்ணாடிக்கும் என் கண்ணுக்கும் நடுவில். இந்தக் கிணற்றுக்குள்.

மின்விசிறியின் கிறீச் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்கவில்லை. பூட்டிய பீரோவின் வாடை.

அந்தப் பெண் வயிற்றுக்கு நேராகக் கைகளை வைத்திருந்தாள். எதையோ பிடித்திருப்பதுபோல். தலையைக் குனிந்து.

இப்போது நினைவுக்கு வந்தது எங்கே பார்த்த நிற்பு என்று. பார்த்ததில்லை. தானே அப்படித்தான் நிற்பாள். தினமும்.

நிமிர வேண்டும் என்று நினைத்தாள். கழுத்து கேட்கவில்லை.

கண்ணாடியில் இருந்தவள் மெல்லத் தலையைத் தூக்கினாள்.

நெற்றி. புருவம்.

பார்க்காதே.

ஆன்லினின் விரல் தானாக ஷட்டரைத் தேடியது. முடித்துவிட வேண்டும். கடைசிப் படம். முடித்துவிட்டு மூடிவிட வேண்டும். அவ்வளவுதான். அழுத்தினாள்.

டிக்.

கழுத்து இளகியது. தலையை நிமிர்த்தினாள். கூடம் அப்படியே இருந்தது. நாற்காலி, கதவு, சுவர். அந்தப் பெண் எங்கும் இல்லை. முடிந்தது. பிலிமை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

மடியைப் பார்த்தாள். இரண்டு கைகளும் வயிற்றுக்கு நேராக இருந்தன. கைகளில் கேமரா இல்லை.

காலண்டரைப் பார்த்தாள்.

எண்கள் திரும்பியிருந்தன.

கண்ணைக் கசக்கினாள். மறுபடி பார்த்தாள். எழுத்துகள் வலமிருந்து இடமாகப் போயின. தாழ்ப்பாள் எதிர்ப்பக்கம் இருந்தது. தன் கையைப் பார்த்தாள். வாட்ச் எப்போதும்போல் இடது மணிக்கட்டிலேயே இருந்தது. அவள் மட்டும் மாறவில்லை.

அம்மா அடுக்களையிலிருந்து கையில் தட்டோடு வந்தாள். சத்தமில்லாமல் வந்தாள். முந்தானை வலது தோளில் கிடந்தது.

"அம்மா."

அம்மா திரும்பவில்லை. ஆன்லின் எழுந்து எதிரில் போய் நின்றாள். கையைப் பிடிக்கப் போனாள். கை, கண்ணாடியைத் தொடுவதுபோல் வழுக்கியது. அம்மா அவளுக்கு மேலே எங்கேயோ பார்த்துச் சிரித்தாள். உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

மேலே.

ஆன்லின் அண்ணாந்து பார்த்தாள்.

மின்விசிறி இல்லை. கூரை இல்லை. நான்கு பக்கமும் கறுப்புச் சுவர்கள் உயர உயரப் போயின. அவற்றின் உச்சியில் சதுரமாக வெளிச்சம். அந்தச் சதுரத்தை முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு முகம், தலை குனிந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

முகம் மெல்ல நிமிர்ந்தது. சுவர்ப் பக்கம் திரும்பியது. காலண்டர் பக்கம்.

மேலேயிருந்து குரல் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக. நிறுத்தி நிறுத்தி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. ஞா. யி. று. இடையில் ஒரு சிரிப்பு.

ஆன்லினின் குரல்தான்.

பிறகு அந்தக் குரல், "இதோ வர்றேம்மா," என்றது.

சதுரத்தின் ஓரத்தில் ஒரு பெரிய விரல் வந்து நின்றது. முதல் சுவர் உள்பக்கமாக மடிந்தது. இரண்டாவது மடிந்தது. மூன்றாவது. வெளிச்சம் ஒரு கோடாக இளைத்தது.

ஆன்லின் அந்தக் கோட்டைப் பார்த்து அண்ணாந்து நின்றாள்.